ஓய்வு நாள் உண்டு, ஓய்வு உண்டா?

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஈசூனிலோ செங்காங்கிலோ ஒரு வீவக அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஈரச்சந்தைக்குப் போய்விட்டார். மூத்த மகளுக்கு ஒன்பது மணிக்குக் கணிதத் துணைப்பாடம், அது முடிந்த கையோடு அறிவியல். இளையவனுக்குப் பதினொரு மணிக்கு நீச்சல் வகுப்பு. அம்மா சலவை இயந்திரத்தில் இரண்டாவது சுற்றுத் துணியைப் போட்டுவிட்டு உளுந்து ஊறவைக்கிறார். மாலையில் உறவினர் வீட்டில் பிறந்தநாள். ஞாயிறு என்றால் கோயில், பேரங்காடி, மறுநாளுக்கான பள்ளிப் பைகள். ஞாயிறு இரவு பத்து மணிக்குச் சீருடைக்கு இஸ்திரி போடும்போதுதான் அம்மாவுக்கு நினைவு வருகிறது: புதன்கிழமை ஆசையாக எடுத்துவைத்த கதைப் புத்தகம் சோபாவின் ஓரத்தில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

பொழுதுபோக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பதில், "நேரம் எங்கே இருக்கிறது?" என்பதுதான். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையா என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் ஓய்வு வந்த கதை

சனிக்கிழமை முழுநாள் விடுமுறை என்பது நமக்கு மிகப் பழைய பழக்கம் அல்ல. சிங்கப்பூரில் பிரதமர் லீ சியன் லூங் 2004 ஆகஸ்ட்டில் ஆற்றிய தமது முதல் தேசிய தினப் பேரணி உரையில்தான் அரசாங்க ஊழியர்களுக்கு ஐந்து நாள் வேலை வாரத்தை அறிவித்தார். அதற்கு முன் சனிக்கிழமை அரை நாள் வேலை பலருக்கும் வழக்கம். குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்பதே மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். மலேசியாவில் மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு 2005 ஜூலை முதல் தேதியிலிருந்து ஐந்து நாள் வாரம் நடைமுறைக்கு வந்தது. எந்த இரண்டு நாள் என்பதிலும் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. ஜொகூர் 2014இல் வெள்ளி, சனி என்று மாறி, 2025 ஜனவரியில் மீண்டும் சனி, ஞாயிறுக்கே திரும்பியது. இரண்டு மாநிலங்களில் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அண்ணனுக்கு விடுமுறை, தம்பிக்கு வேலை என்றால் அம்மா வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவது எப்போது?

அப்படி வந்து சேர்ந்த சனிக்கிழமையை எதற்குக் கொடுத்தோம்? பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெரும்பகுதி துணைப்பாடத்துக்குப் போனது. 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் அது 1.4 பில்லியனாக இருந்தது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது தம் பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்திருக்க எல்லாராலும் முடியாது. ஆனால் பணம் செலவானது கணக்கில் தெரிகிறது. சனிக்கிழமைகள் செலவானது எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை.

பொழுதுபோக்கு என்றால் எது?

தமிழில் இந்தச் சொல்லே கொஞ்சம் சிக்கலானது. பொழுதைப் போக்குவது என்றால் நேரத்தைக் கழிப்பது. பேரங்காடியில் ஒரு மாடி ஏறி, இன்னொரு மாடி இறங்கி மூன்று மணி நேரத்தைக் கழிக்கலாம். கைத்தொலைபேசியில் ஒரு காணொளி முடிந்து மற்றொன்று தானாக ஓட, விரலுக்கும் வேலையில்லாமல் நள்ளிரவு வரை கழிக்கலாம். இவற்றையும் பொழுதுபோக்கு என்றே சொல்கிறோம். ஆனால் விருப்பத்தோடு ஒரு வேலையை எடுத்து, வாரந்தோறும் அதற்குத் திரும்பி வந்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேர்ச்சி பெறுவது வேறு. இந்த இரண்டாவது வகையில் ஒரு வாரம் செய்தது அடுத்த வாரத்துக்கு மிச்சமாக இருக்கும். திங்கட்கிழமை பேருந்தில் போகும்போதும் அதைப் பற்றி யோசிக்க ஏதாவது இருக்கும்.

அங் மோ கியோ வட்டாரத்தில் கெபுன் பாரு பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். திறந்த திடலில் உயரமான கம்பங்கள் வரிசையாக நிற்கும். 'மெர்போக்' எனப்படும் சிறு புறாக்களைக் கூண்டோடு கயிற்றில் கட்டிக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, உரிமையாளர்கள் கீழே அமர்ந்து கோப்பி குடித்தபடி காது கொடுத்துக் கேட்பார்கள். இன்னொரு பக்கம் 'மாத்தா புத்தே' குருவிகள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற பேதமில்லாமல் பேச்செல்லாம் பறவையின் குரலைப் பற்றியே இருக்கும். பறவையைக் கூண்டில் வைப்பது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் ஒரு குரலை மட்டும் கவனித்துக் கேட்கும் மனிதர்களை வேறெங்கே காண முடியும்?

அஞ்சல்தலை சேகரிப்பு ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பலரிடம் இருந்தது. சிங்கப்பூரில் அதற்கென்றே 1995இல் ஓர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. 2019இல் அது மூடப்பட்டு, 2022 டிசம்பரில் அதே கட்டடத்தில் சிறுவர் அரும்பொருளகம் திறந்தது. பழைய பொருள் சேகரிப்பவர்கள் கூடிய சுங்கை ரோடு திருட்டுச் சந்தையும் 2017 ஜூலையோடு முடிந்துபோனது. காலம் மாறுகிறது, சரி. இருந்தாலும் தாத்தாவின் பெட்டியில் பழைய உறைகள் ஒரு கட்டு இருந்தால், ஒரு சனிக்கிழமை பிற்பகலுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. தலையை உரிக்கக் கூடாது. சுற்றிலும் கொஞ்சம் உறைத்தாள் விட்டுக் கத்தரித்து, ஒரு கிண்ணத்து வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் பசை இளகி, தலை தானாக நழுவும். முகப்பு கீழே இருக்கும்படி உறிஞ்சுதாளில் காயவைத்து, காய்ந்தபின் கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு அழுத்திவைத்தால் சுருக்கம் போய்விடும். அண்மைக் காலத்தில் வரும் ஒட்டுவகைத் தலைகள் பல தண்ணீரில் எளிதில் பிரியா. அவற்றை உறைத்தாளோடு வெட்டி வைத்துக்கொள்வதே நல்லது. தலை காயும் நேரத்தில், ஈப்போவிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதியது யார், நாகப்பட்டினத்திலிருந்து வந்த இந்த உறை யாருடையது என்று பேரன் கேட்பான். தாத்தா பேசத் தொடங்குவார்.

தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலை

நம் வீடுகளில் இன்றும் உயிரோடு இருக்கும் பொழுதுபோக்கு எது என்றால் செடி வளர்ப்புதான். வீட்டு வாசலில் துளசி, பக்கத்தில் கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு வெற்றிலைக் கொடி. அதற்குப் பொழுதுபோக்கு என்ற பெயரைக்கூட யாரும் வைப்பதில்லை. அம்மா தண்ணீர் ஊற்றுகிறார், அவ்வளவுதான்.

தொட்டியில் வளரும் கறிவேப்பிலைக்கு வேண்டியது வெயில். ஒரு நாளில் சில மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து நீளுமே தவிர இலை அடர்த்தியாக வராது. நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஆகவே, ஒவ்வோர் இலையாகப் பறிக்காமல் நுனியிலிருந்து ஈர்க்கோடு ஒடிப்பது செடிக்கும் நல்லது, ரசத்துக்கும் நல்லது. அடிமண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும்.

ஒரு நாள் இலைமேல் பறவை எச்சம் போல் ஏதோ ஒட்டியிருக்கும். துடைக்கப் போனால் அது நகரும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, கறிவேப்பிலை இனச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் இங்கு உண்டு. பறவைகளின் கண்ணிலிருந்து தப்புவதற்காகவே சிறு புழுவுக்கு அந்த எச்ச வேடம். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். கூட்டுப்புழுவான பிறகு சுமார் பத்து நாளில் சிறகோடு வெளியே வரும். இப்போது வீட்டில் ஒரு வழக்கு எழும்: இலை குழம்புக்கா, புழுவுக்கா? பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கிளையைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதே நியாயம். தொடக்கப்பள்ளி அறிவியல் புத்தகத்தில் படமாக இருக்கும் வாழ்க்கைச் சுழற்சியைத் துணைப்பாடக் கட்டணம் இல்லாமல் வாசலிலேயே பார்த்துவிடலாம்.

செடி வளர்ப்போர் மறக்கக் கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, தாழ்வாரம் தீ விபத்தின்போது தப்பிச் செல்லும் வழி. குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். தூக்குப்படுக்கையும் சக்கர நாற்காலியும் போக வேண்டிய வழி அது. ஆசைக்குத் தொட்டி வாங்குமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மற்றொன்று டெங்கி. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீரே அதற்குக் குளம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபிறகும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி ஈரம் பட்டதும் பொரிக்கும். எனவே, தண்ணீரை அடிக்கடி கொட்டுவதோடு, வார இறுதியில் தட்டை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுவின் கணக்கும் ஏழு நாள், நம் வாரமும் ஏழு நாள். சனிக்கிழமை காலை பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம்.

தாழ்வாரத்தில் இடமில்லாதவர்களுக்கு சமூகத் தோட்டங்கள் உண்டு. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்க் குடியிருப்பு வட்டாரங்களில் இத்தகைய தோட்டங்கள் பெருகியிருக்கின்றன. ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு இது நல்ல துணை. வெண்டைக்காயைப் பற்றிப் பேச ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று ஞாயிறு, ஒரு புத்தகம்

வாசிப்புக்கு வருவோம். சோபா ஓரத்தில் கிடக்கும் அந்தப் புத்தகம் நூலகத்தில் இரவல் வாங்கியதாக இருந்தால் அதற்குத் தவணை 21 நாள். அதாவது மூன்று வார இறுதிகள். ஆறு ஓய்வு நாள்கள். 250 பக்க நாவலை ஆறால் வகுத்தால் ஓர் அமர்வுக்கு 42 பக்கம். தமிழ் உரைநடையைச் சரளமாகப் படிப்பவருக்கு அது ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். பேரங்காடியில் வாகனம் நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நேரத்தையும், பணம் செலுத்த வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

நாவல் கனமாகத் தோன்றினால் சிறுகதைத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு கதை, ஒரு கோப்பை தேநீர், முடிந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை வளர்ந்ததே நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில்தான் என்று சொன்னால் மிகையாகாது. 1924 முதல் 2019 தொடக்கம் வரை வெளிவந்த 'தமிழ் நேசன்', 1935இல் தொடங்கி இன்றும் வரும் 'தமிழ் முரசு' ஆகிய இரண்டும் ஞாயிறு தோறும் கதை படிக்கும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. தோட்டப்புறத்தில் ஒரே தாளைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படித்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

இங்குள்ள பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பின்னால் ஒருவர் போட்ட நிபந்தனை இருக்கிறது. 1953இல் கொடைவள்ளல் லீ கோங் சியான் நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னபோது, நூலகம் அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆங்கிலம் மட்டுமின்றி ஆசிய மொழி நூல்களும் இடம்பெற வேண்டும் என்றார். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம் 2004 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. மறு ஆண்டில் விக்டோரியா ஸ்திரீட்டில் புதிய கட்டடம் திறந்தது. சீன வணிகர் ஒருவரின் நிபந்தனையால் தமிழ் அலமாரிக்கும் பாதை திறந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அலமாரி இருந்தால் மட்டும் போதாது, எடுப்பதற்குக் கை வேண்டும். வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வாரநாளில் பள்ளியும் வேலையும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. வீட்டில் தமிழுக்கு எஞ்சியிருப்பது மாலையில் சிறிது நேரமும் இந்த இரண்டு நாளும்தான். பாட்டிக்குக் கண் மங்கலாக இருக்கிறது, பேத்திக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது என்றால் இரண்டு குறையையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். பேத்தி உரக்கப் படிக்கட்டும், பாட்டி கேட்கட்டும். ழகரம் தவறினால் பாட்டி சும்மா இருக்க மாட்டார். அச்சுப் புத்தகம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் திரட்டிக் கொடுக்க, தேசிய நூலக வாரியம் சுமார் 350 நூல்களை 2015இல் மின்வடிவமாக்கியது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பது மூத்தோருக்கு வசதி.

ஞாயிறு இல்லாதவர்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, முதலில் பார்த்த வீட்டின் அம்மாவை மறந்துவிட முடியாது. ஐந்து நாள் வாரம் அலுவலகத்துக்கு வந்தது, அடுப்படிக்கு வந்ததா? வார இறுதியில் எல்லாரும் வீட்டில் இருப்பதால் சமையல் கூடுகிறது, துணி கூடுகிறது, விருந்தாளி கூடுகிறார். அவர் புத்தகத்தைப் பிரிக்க வேண்டுமானால் யாராவது இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க வேண்டும். சீருடை யார் அணிகிறாரோ அவரே பிடிக்கலாம். உயர்நிலைப்பள்ளி மாணவருக்கு அது கடினமான வேலை அன்று.

பணிப்பெண் இருக்கும் வீட்டில் அவருக்கும் ஒரு வார இறுதி உண்டு. 2013 ஜனவரி முதல் வாராந்திர ஓய்வு நாள் விதி வந்தது. ஓய்வு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்ததால், 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்று விதி இறுக்கப்பட்டது. அந்த ஒரு நாளில் அவர் தோழியோடு பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது அவருடைய நாள்.

தேக்காவில் ஞாயிறு மாலை கூடும் கட்டுமான ஊழியர்களைப் பார்த்து, "எவ்வளவு கூட்டம்!" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த இளைஞருக்கு ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டிக்கொள்வது, ஊர்க்காரரைப் பார்ப்பது, வாழை இலையில் சாப்பிடுவது எல்லாமே அந்த ஒரு மாலைக்குள் அடங்க வேண்டும். 2020இல் கொவிட் தொற்றுப் பரவலின்போது தங்கும் விடுதிகள் மூடப்பட்டன. 2022 ஜூன் 24ஆம் தேதிதான் வெளியே செல்ல அனுமதிச்சீட்டு தேவையில்லை என்றானது. அப்போதும் ஞாயிறுகளில் லிட்டில் இந்தியா போன்ற நான்கு இடங்களுக்கு மட்டும் தனி அனுமதி கேட்கப்பட்டது. ஊரடங்கில் இரண்டு மாதம் வீட்டிலிருந்ததே பெரும்பாடு என்று சொன்ன நமக்கு இரண்டு ஆண்டு ஞாயிறுகளை இழந்தவரின் மாலை நேரம் நெரிசலாகத் தெரியக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்பு ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. முதலாளி கேட்டுக்கொண்டு அந்நாளில் வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். ஊழியர் தாமே கேட்டுச் செய்தால் ஒரு நாள் சம்பளம். ஆகவே, ஓய்வு நாள் வேலைக்கான தாளில் கையெழுத்துப் போடும்போது, "நானே கேட்டுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஒரு வரி வித்தியாசத்தில் ஒரு நாள் சம்பளம் இருக்கிறது.

ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. வேறு நாளாக இருந்தால், அந்த மாதம் தொடங்குமுன்பே அட்டவணையை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாவலர், தாதி, பேருந்து ஓட்டுநர் வீடுகளில் அப்பாவின் ஞாயிறு புதன்கிழமையில் வரும். அந்த அட்டவணை கைக்கு வந்ததும் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான பொது நூலகங்கள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கின்றன. புதன்கிழமை பள்ளி முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் போனாலும் அப்பாவோடு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.